வலி நின்ற நாள்

நம் வயதில் எல்லோருக்கும் ஏதாவது ஒரு மூட்டு மக்கர் செய்கிறது. எனக்கு இடது தோள். கையைத் தூக்கிக் கொண்டை போட முடியவில்லை. நாமக்கல்லில் ஒரு பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார்கள். அங்கே கதவு நிலையில் குறுக்காக ஓர் இரும்புக் கம்பி மாட்டியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தொங்கச் சொன்னாள் அங்கிருந்த பெண். பிடித்தேன். உடனே உள்ளங்கை வியர்த்துவிட்டது. மயக்கமாக இருக்கிறது என்று பொய் சொல்லி உட்கார்ந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் கையில் அந்தக் கம்பியின் குளிர்ச்சி இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன். என்னோடு படித்து இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்ட உங்களில் பலர் கல்யாண வீடுகளில் பார்க்கும்போது கேட்கிறீர்கள், உன் பெரியப்பா மகளுக்கு அந்தக் கை எப்படித்தான் போனது என்று. இத்தனை வருடத்தில் கதையே மாறிப்போய், மில் மிஷினில் மாட்டியது என்று ஒருத்தி சொல்கிறாள். பாம்பு கடி என்று இன்னொருத்தி. நான் கூடவே இருந்தவள். நடந்தது இதுதான்.

எங்கள் ஊர் ஆட்டையாம்பட்டியிலிருந்து திருச்செங்கோடு போகும் வழியில். எங்கள் வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் ஒரே வாசல். அப்பா லாரி ஓட்டினார். மாதத்தில் பாதி நாள் வடக்கே எங்காவது இருப்பார். பெரியப்பா சேகோ பேக்டரியில் வேலை செய்தார். குச்சிக்கிழங்கை அரைத்து மாவெடுத்து ஜவ்வரிசி ஆக்கும் இடம். அவர் சைக்கிள் வாசலில் திரும்பும்போதே அந்தப் புளித்த மாவு வாசம் முன்னால் வந்துவிடும். எத்தனை குளித்தாலும் அது போகாது. அவருடைய மகளை நான் அக்கா என்பேன். என்னைவிட ஒரு வகுப்பு மேலே, ஒன்பதாவது. பேச்சு குறைவு, பலம் அதிகம். அடிகுழாயில் நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து அடிக்கும் தண்ணீரை அவள் ஒற்றை ஆளாக அடித்துத் தூக்கிக்கொண்டு போவாள். அதற்காக யாரும் அவளைப் பாராட்டியதில்லை. அந்த ஐப்பசியில்தான் முதல்முதலாக ஒருவர் பாராட்டினார்.

அவர் புதிதாக வந்த விளையாட்டு டீச்சர். சேலம் டவுன்காரர். உயரம் குறைவு, முதுகு நேராக இருக்கும், விசில் இல்லாமலே குரல் மைதானத்தின் கடைசி வரை போகும். எங்களுக்கு அவர் பெரிய மனுஷியாகத் தெரிந்தார். இப்போது எண்ணிப் பார்க்கிறேன், இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுதான் இருந்திருக்கும். என் சின்ன மகளைவிடச் சிறியவர்.

வந்ததும் அவர் செய்த முதல் காரியம், போர்வெல் போடும் ரிக் வண்டி முதலாளி ஒருவரைப் பிடித்து இரும்புக் குழாய் கேட்டு வாங்கியது. லேத் பட்டறையில் படம் வரைந்து கொடுத்து, உயரமாக ஒன்றும் தாழ்வாக ஒன்றுமாக இரண்டு கம்பிகள் நிற்கும்படி செய்ய வைத்தார். மைதானத்தின் ஓரத்தில் குழி தோண்டி நட்டார்கள். உங்களுக்கு அது நினைவிருக்கும். மதிய உணவு நேரத்தில் தாவணியைக் காயப்போட்டுத் திட்டு வாங்கியவர்கள் நம்மில் உண்டு. பட்டறைக்காரர் உயரத்தைச் சரியாக வைத்தார், பருமனைக் கவனிக்கவில்லை. குழாய் தடிமனாக இருந்தது. சுற்றிப் பிடித்தால் கட்டைவிரல் மற்ற விரல்களைத் தொடாது. கீழே போடத் தென்னை நார் மெத்தை ஒன்று வந்தது. முதல் மழையில் நனைந்து, பிறகு கடைசி வரை காயவே இல்லை. பழைய பாய் நாற்றம் அதில்.

தை மாதம் சேலத்தில் போட்டி. டீச்சர் எங்கள் இருவரையும் தேர்ந்தெடுத்தார். என்னை எடை குறைவுக்காக, அக்காவைத் தோளுக்காக. கற்க வேண்டிய வித்தைக்கு அவர் சொன்ன பெயர் கிப். கம்பியைப் பிடித்துத் தொங்கி, உடம்பை முன்னால் வீசி, நீட்டிய காலைக் கம்பிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கம்பியை முழங்கால், தொடை, இடுப்பு என்று உடம்போடு உரசி இழுத்து, ஒரே மூச்சில் கம்பிக்கு மேலே கை ஊன்றி நிற்க வேண்டும். பார்க்கும்போது ஒன்றுமில்லை போலிருக்கும். தொங்கினால் தெரியும். வயிறு இழுத்துப் பிடிக்கும், தோள் கழன்றுவிடும் போலிருக்கும், பாதி வழியில் உடம்பு கல்லாகிக் கீழே போகும்.

"பாவாடை அவுந்து போச்சு, ரெண்டு கையால இழுத்து இடுப்புல கட்டணும். அப்படி நெனச்சு இழு," என்பார் டீச்சர். நாங்கள் சிரித்துவிட்டு அதற்காக இன்னொரு முறை ஏறுவோம்.

கால்சட்டை விஷயத்தில் பெரியம்மா சண்டை போட்டாள். வயசுக்கு வந்த பெண் காலைக் காட்டிக்கொண்டு கம்பியில் தொங்கினால் நாளைக்கு யார் கட்டுவார்கள் என்றாள். பெரியப்பாவோ மறுநாள் தையல்காரரிடம் போய்ப் பச்சை நிறத்தில் முழங்கால் வரைக்கும் இரண்டு தைத்துக்கொண்டு வந்தார், அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. பேக்டரியிலிருந்து காய்ந்த கிழங்கு மாவை ஒரு துணியில் முடிந்தும் கொண்டுவந்தார். அதைக் கையில் தேய்த்துக்கொண்டால் வியர்வை வழுக்காது. நனையாமல் இருக்கும் வரைக்கும்.

உள்ளங்கையில் கொப்புளம் கிளம்பி உடையும். உடைந்த இடத்தில் மாவு பட்டால் எரியும். நான் கையை உதறி முனகுவேன். டீச்சர் என்னைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்துச் சொல்வார், வலிக்கிறது என்று சொல்கிறவள் வெளியே போகலாம் என்று. அக்கா சொன்னதே இல்லை. தோல் கிழிந்து தொங்கியபோதும் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு மறுபடி ஏறினாள். "இவதான் பொண்ணு," என்பார் டீச்சர். அந்த வார்த்தைக்காக அவள் எதையும் செய்திருப்பாள். பாராட்டு கேட்டுப் பழகாதவளுக்கு அது எவ்வளவு பெரியது என்று எங்களில் யாருக்கும் அப்போது தெரியவில்லை.

ஒரு சாயங்காலம் அவளுக்குக் கிப் வந்தது. எந்த அறிவிப்பும் இல்லாமல் வந்தது. வழக்கம் போல வீசினாள், காலைக் கொண்டுபோனாள், இழுத்தாள், திடீரென்று கம்பிக்கு மேலே நின்றாள். அங்கே என்ன செய்வது என்று தெரியாமல் கீழே எங்களைப் பார்த்தாள். பெரியப்பா மதில் சுவருக்கு வெளியே சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். ஷிப்டு முடிந்து வந்தவர். கையைத் தட்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்று போகும் வழியில் இரண்டு பேருக்கும் முறுக்கு வாங்கிக் கொடுத்தார். எனக்குக் கிப் கடைசி வரை வரவில்லை. வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கார்த்திகை கழியும் நேரம். தூறலா பனியா என்று சொல்ல முடியாதபடி ஏதோ விழுந்துகொண்டிருந்த ஒரு மாலை. தாழ்ந்த கம்பியில் செய்ததை உயர்ந்த கம்பியில் செய்யப் பழகிக்கொண்டிருந்தாள் அக்கா. பலமுறை செய்தாகிவிட்டது. இருட்டுவதற்குள் கடைசியாக ஒருமுறை என்றார் டீச்சர். அக்கா கையில் மாவைத் தேய்த்தாள். ஈரத்தில் அது கூழாகிவிட்டது. கால்சட்டையில் துடைத்துக்கொண்டு ஏறினாள். காலைக் கம்பிக்குக் கொண்டுபோய் இழுக்கத் தொடங்கியபோது வலது கை கழன்றது. டீச்சர் பிடிக்கப் பாய்ந்தார், எட்டவில்லை. மெத்தையின் ஓரத்தில், கையை ஊன்றி விழுந்தாள்.

காய்ந்த சுள்ளி ஒடிவது போல ஒரு சத்தம். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் கை வளைந்திருந்தது. அக்கா அதைப் பார்த்தாள். அழவில்லை. டீச்சரைத்தான் பார்த்தாள்.

டீச்சர் உடனே சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம், எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்றார். அதை நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பின்னால் ஊர் முழுக்க அவரைத்தான் பேசியது. பெரியப்பா பேக்டரியிலிருந்து ஓடிவந்து, ஆஸ்பத்திரி வேண்டாம் என்றார். அங்கே கையைக் கிழித்துத் தகடு வைப்பார்கள், தழும்பு விழும், பெண்பிள்ளை. எங்கள் அப்பாவுக்கு லாரியில் கால் முறிந்தபோது பக்கத்து ஊர்க் கட்டுக்காரர்தான் கட்டுப் போட்டார். அதே காலால்தான் அப்பா இன்னும் கிளட்சு மிதித்துக்கொண்டிருந்தார். அதைவிடப் பெரிய சாட்சி எங்கள் வீட்டுக்கு எதற்கு? தலைமையாசிரியை, பெற்றவர் விருப்பம் என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார். டீச்சரும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

கட்டுக்காரர் நல்ல மனிதர். அதையும் சொல்ல வேண்டும். மெதுவாகப் பேசினார், அக்காவின் நெற்றியில் திருநீறு பூசினார், எலும்பை ஒரே இழுப்பில் சேர்த்தார். முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் குழைத்துப் பூசி, மூங்கில் பட்டைகளை வைத்து, துணியைச் சுற்றி இறுக்கினார். இழுத்துக் கட்டினால்தான் எலும்பு நகராது என்றார். தான் பிரிக்கும் வரை யாரும் கட்டைத் தொடக்கூடாது என்றார்.

மறுநாள் விரல்கள் வீங்கியிருந்தன. வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்த அக்கா பெரியப்பாவிடம், "நோவுதுங்கப்பா," என்றாள்.

அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டது அதுதான் முதல்முறை.

"கட்டுப் போட்டா நோவத்தான் செய்யும் சாமி. பொறுத்துக்க. நீ தாங்குவ," என்றார் பெரியப்பா.

அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். தலையைத் தடவிக்கொண்டே சொன்னார். அவள் சாதாரணமாகச் சொல்கிறவள் இல்லையே, இப்போது சொல்கிறாளே என்று அங்கிருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லாக் குழந்தைகளுக்கும் சொல்வதை அவளுக்கும் சொன்னார்கள்.

அன்று சாப்பிடவில்லை. அடுத்த நாள் விரல்கள் மெழுகு போல வெளுத்திருந்தன. பள்ளிவிட்டு வந்த என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"நடுவெரலக் கிள்ளிப் பாரு புள்ள."

கிள்ளினேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், வேறு யாரையோ கிள்ளுவதைப் பார்ப்பது போல.

"இன்னும் கிள்ளு. கிள்றியா இல்லியா?"

நகம் பதிய அழுத்தினேன். பதிந்த பள்ளம் அப்படியே நின்றது. நான் ஓடிப்போய்ப் பெரியம்மாவிடம் சொன்னேன். பெரியம்மா பயந்துபோய்ப் பெரியப்பாவிடம் சொன்னாள். பெரியப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு கட்டுக்காரரிடம் போனார். ரத்தம் கட்டியிருக்கிறது, மரத்துப்போவது வழக்கம், இப்போது தளர்த்தினால் எலும்பு விலகி ஆயுசுக்கும் கோணல் என்று பதில் வந்தது. டீச்சர் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். விரலைப் பற்றி அவரிடமும் சொன்னேன். அவர் முகம் மாறியது. ஆஸ்பத்திரிக்குப் போனால் நல்லது என்று மெல்ல ஆரம்பித்தார். பெரியம்மா, நீங்க செஞ்சது போதுமுங்க என்றாள். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு, அக்காவின் நல்ல கையைப் பிடித்து, "நீ தைரியசாலி," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கு மேல் ஒருநாள் கழித்து வலி நின்றுவிட்டது. காலையில் எழுந்து, இப்போது நோவு இல்லை என்றாள் அக்கா. ரசம் சோறு இரண்டு வாய் சாப்பிட்டாள். வீடே நிம்மதியாக மூச்சு விட்டது. பெரியம்மா மாரியம்மன் கோயிலில் பொங்கல் வைத்தாள். நானும் விறகு சுமந்துகொண்டு போனேன். பொங்கல் பொங்கியபோது குலவை போட்டார்கள். அந்தக் கையில் வலிப்பதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லை என்பது தெரியாமல் நாங்கள் எல்லோரும் வெல்லப் பொங்கலை இலையில் வாங்கிச் சாப்பிட்டோம். அன்றைக்கு அது இனித்தது.

கட்டுப் பிரிப்பதற்கு முன்பே வாடை வந்தது. முதலில் அது பெரியப்பாவின் பேக்டரி வாசம் என்று நினைத்தோம். கட்டுக்காரர் வந்து துணியை வெட்டினார். ஒரு சுற்று எடுத்ததும் அவர் கை நின்றது. மீதியைப் பிரிக்காமல் எழுந்து, காரை வரச் சொல்லுங்க என்றார். விரல்கள் கறுத்துச் சுருங்கியிருந்தன, அடுப்பில் விழுந்த கத்தரிக்காய் மாதிரி.

சேலத்தில் டாக்டர் வராண்டாவில் பெரியப்பாவை நிறுத்தி, எப்போதிலிருந்து வலிக்கிறது என்று சொன்னாள் என்று கேட்டார். துணைக்குப் போயிருந்த நான் பக்கத்தில் நின்றேன்.

"கட்டுன மக்யா நாளே சொன்னாளுங்க."

"அப்புறம்?"

"அப்புறம் நின்னுருச்சுங்க. செரியாப் போச்சுன்னு கோயலுக்குப் பொங்க வெச்சமுங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணை அழுத்திக்கொண்டார். முழங்கைக்குக் கீழே எடுத்துவிட வேண்டும், இன்றே செய்யாவிட்டால் உயிருக்கு ஆகாது என்றார். பெரியப்பா தலையாட்டினார். அவர் காதில் ஏதாவது விழுந்ததா என்று எனக்குச் சந்தேகம்.

வெட்டி எடுத்த கையைப் பெரியப்பா கேட்டு வாங்கிக்கொண்டார். துணியில் சுற்றி, காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்களாம். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், புள்ளைங்களுக்குப் பலகாரமுங்களா என்று கேட்க, ஆமாங்க என்றிருக்கிறார். இறங்கி நேரே சுடுகாட்டுக்குப் போய், தானே குழி வெட்டிப் புதைத்து, பால் ஊற்றிவிட்டு வந்தார். பல வருடம் கழித்து இதை எங்கள் அப்பாவிடம் ஒரே ஒருமுறை சொன்னாராம். அப்பா என்னிடம் சொன்னார்.

டீச்சர் ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று நான் கட்டிலுக்குக் கீழே பாயில் இருந்தேன். போர்வை தட்டையாக இருந்த இடத்தை அவர் பார்த்தார். அக்கா எழுந்து உட்கார முயன்றாள்.

"நான் அழுவலீங்க டீச்சர்," என்றாள்.

டீச்சர் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே ஓடினார். மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்பதுகூட எனக்குத் தெரியாது. கட்டுக்காரர் வீட்டு முன்னால் அடுத்த வாரமும் ஆட்கள் காத்திருந்தார்கள். அவர் ஒருமுறை எங்கள் வாசலுக்கு வந்து நின்றார். பெரியப்பா சொம்பில் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டுப் போனார். போட்டிக்கு எங்கள் பள்ளியிலிருந்து யாரும் போகவில்லை. கம்பிகளை அந்தக் கோடை விடுமுறையில் பிடுங்கிவிட்டார்கள்.

அக்கா இடது கையால் எழுதக் கற்றுக்கொண்டாள். பிளஸ் டூ முடித்தாள், கூட்டுறவுச் சங்கத்தில் வேலை கிடைத்தது. தாமதமாகக் கல்யாணம் நடந்தது, ஒரு பையன் இருக்கிறான். பாவம் என்று உச்சுக் கொட்டுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். அவள் வாழ்ந்துகொண்டுதான் இருக்கிறாள்.

மாறிப்போனவர் பெரியப்பா. அதன் பிறகு எங்கள் வாசலில் எந்தக் குழந்தையும் நோவு என்று சொல்லிவிடக்கூடாது. காலில் முள் குத்தினாலும், மண்டையில் லேசாக வலித்தாலும், சைக்கிளில் உட்கார வைத்துச் சேலம் பெரியாஸ்பத்திரிக்கு மிதிக்கத் தொடங்கிவிடுவார். என் தம்பியைப் பல்வலிக்கு அப்படிக் கொண்டுபோனபோது டாக்டர் கத்தியிருக்கிறார், இதற்கா இவ்வளவு தூரம் வந்தாய் என்று. திட்டை வாங்கிக்கொண்டு நிற்பாராம். திரும்பி வரும்போது எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அவர் முன்னால் பொய்யாக நொண்டிக்கூட விளையாடியிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் அவர் சைக்கிளை எடுக்க எழுந்தார்.

அவர் போனது நெஞ்சு வலியில். அக்காவின் மகன் அப்போது கைக்குழந்தை. பேக்டரிக் களத்தில், ஜவ்வரிசி காயப்போட்டிருந்த இடத்தில் உட்கார்ந்தவர் எழவில்லை. காரியம் முடிந்து எல்லோரும் கலைகிற நேரத்தில், கூட வேலை பார்த்த ஒருவர் வந்து அக்காவிடம் சொன்னார், இரண்டு மூன்று நாளாகவே மாரைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார், வீட்டில் சொல்லுங்க என்றால், புள்ள பயந்துக்கும் என்றார் என்று.

அக்கா சரிங்க என்றாள். அவரை வாசல் வரை வழியனுப்பிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கழுவ வேண்டிய அண்டாக்கள் எங்கள் முன்னால் கிடந்தன. ஒன்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நாஞ் சொன்னேன், அப்பாவுக்குக் கேக்கல. அவிய சொல்லியிருந்தா எனக்குக் கேட்டிருக்கும்," என்றாள்.

பிறகு வாயைத் திறந்து அழத் தொடங்கினாள். பிணம் எடுத்தபோதுகூட அழாதவள், சின்னக் குழந்தை மாதிரி சத்தம் போட்டு, தெருவில் போனவர்கள் நின்று பார்க்கும்படி அழுதாள். உள்ளே படுத்திருந்த பெரியம்மா எழுந்து, தட்டுத் தடுமாறி, எங்க சாமி நோவுது, எங்க நோவுது என்று கேட்டுக்கொண்டே ஓடி வந்தாள்.